விளக்கு அணைய வேண்டிய இடம்

சவப்பெட்டிக்குள் கையை விட்டு அம்மாவின் சட்டைக் கழுத்தை மேலே இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள் டெல்லா. பின்னால் வந்து நின்ற ஒரு பெண்மணி அவள் தோளைத் தொட்டு, தனக்குப் பிடித்த பாட்டு எது என்று சொல்ல ஆரம்பித்தாள்.

"எனக்கு 'இந்தப் பக்கம் வந்து சொல்' பாட்டுன்னா உசுரும்மா. என் கல்யாணத்துல நானும் அவரும் அதுக்குத்தான் ஆடினோம். உங்கம்மாவ நெனச்சு எழுதினதாமே? குடுத்து வச்சவங்க."

"ஆமா. அம்மாவ நெனச்சுதான்" என்றாள் டெல்லா.

கழுத்துப் பட்டி மறுபடி கீழே சரிந்தது. தாடைக்குக் கீழே, பவுடர் போடாமல் விட்டுப்போன இடத்தில், கருநீலம் தெரிந்தது. டெல்லா அதை மூடினாள். அந்தப் பெண்மணி சிலுவை போட்டுக்கொண்டு, ஹாம் சாண்ட்விச் அடுக்கியிருந்த மேசைப் பக்கம் நகர்ந்தாள். துக்கத்துக்கு வருகிறவர்கள் எப்படியாவது தங்களைப் பற்றிப் பேச ஒரு வழி கண்டுபிடித்துவிடுகிறார்கள். மல்வேனி வீட்டுச் சாவு என்றால் கேட்கவே வேண்டாம். ஆளுக்கொரு பாட்டு கையில் இருக்கிறது.

டெஸ்மண்ட் மல்வேனி வரி எழுத, மில்ட் காஸ்னர் மெட்டுப் போட, இருவரும் சேர்ந்து பதினோரு இசை நாடகங்கள். நியூயார்க்கில் அந்தப் பாட்டுகளை முணுமுணுக்காத லிஃப்ட்காரனோ பல் டாக்டரோ கிடையாது. டெல்லா அந்த டெஸ்மண்டின் ஒரே மகள். பெட்டிக்குள் கிடப்பவள் அவர் மனைவி வின்னி, வயது அறுபத்து மூன்று. யாரும் பேட்டி எடுக்காத, ரொட்டி சுடத் தெரிந்த, சர்ச்சில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்த ஒரு பெண்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்பதாம் வருஷம் ஈஸ்டர் வாரத்தில் விரித்த கையால் ஓர் அறை. வின்னியின் இடது காதுச் சவ்வு கிழிந்தது. அதற்குப் பிறகு யார் பேசினாலும் தலையைத் திருப்பி, "இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க, அது கேக்காது" என்பாள். நான்கு மாதத்தில் அது பாட்டாகிவிட்டது. மஞ்சள் கவுன் போட்ட ஒரு பெண் காதலனைச் சீண்டிப் பாடும் பாட்டு. நாடு முழுக்க மாப்பிள்ளையும் பெண்ணும் அதற்கு ஆடுகிறார்கள்.

அடுத்து வந்தவர் ஒரு வயதான ஆட்டக்காரர். விஸ்கி வாசம். "நமக்கு எப்பவும் 'மெல்லப் பிடி' தான் பாப்பா. அந்த மாதிரி மென்மையா ஒருத்தன் எழுதணும்னா, வீட்டுல எப்படி வாழ்ந்திருக்கணும்!"

மணிக்கட்டு. முப்பத்தாறாம் வருஷம், பிப்ரவரி. எலும்பு சேராமல் இரண்டாம் முறை உடைத்துக் கட்டினார்கள்.

"நல்ல பாட்டு" என்றாள் டெல்லா.

மற்றவர்களுக்கு அது பாட்டுப் புத்தகம். அவளுக்கு அது ஆஸ்பத்திரிச் சீட்டுகளின் கட்டு. ஒரு பாட்டின் பெயரைச் சொன்னால் உடம்பில் எந்த இடம் என்று அவளால் சொல்ல முடியும்.

அப்பா வேலை செய்யும் விதம் அப்படி. முதலில் மில்ட் மெட்டைக் கொடுப்பார். வரி கிடைக்கும்வரை மெட்டின் அளவு மறந்துபோகாமல் இருக்க, வாய்க்கு வந்த சொற்களைப் போட்டு நிரப்பிப் பாடிக்கொண்டே வீட்டுக்குள் நடப்பார். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். நாள் போகும். வாரம் போகும். நிஜ வரி வராது. விஸ்கி பாட்டில் காலியாகும். பிறகு கை நீளும். அடி விழும்போதோ விழுந்த பிறகோ அம்மா ஏதாவது சொல்வாள், கத்தாமல், பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல், சின்னதாக. அவர் சட்டென்று நின்று, உள்பையிலிருந்து பென்சிலை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போய்விடுவார்.

முப்பத்து மூன்றாம் வருஷக் குளிர்காலத்தில் டெல்லாவுக்கு எட்டு வயது. மூன்று வாரமாக வீட்டில் 'ரெண்டு முட்டை வாங்கி வா, வெண்ணெய் மட்டும் வேணாம்' என்று ஒரு மெட்டு சுற்றிக்கொண்டிருந்தது. அவளுக்கு அந்த முட்டைப் பாட்டு ரொம்பப் பிடித்துப்போயிற்று; பள்ளிக்கூடம் போகும்போதெல்லாம் பாடினாள். அப்பாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. அடிப்பதற்கு முன் விளக்கை அணைப்பார். அம்மாவின் முகத்தைப் பார்க்க அவருக்குப் பிடிக்காது. அன்றைக்கு டெல்லா கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டாள்.

"லைட்ட அணைக்காத டெஸ். இன்னும் ஒரு நிமிஷம் எரியட்டும். ஒரே ஒரு நிமிஷம்."

சுவிட்ச் சத்தம். அதன் பிறகு மற்ற சத்தம்.

வசந்தம் வந்தபோது அதே மெட்டில் 'இன்னும் ஒரு நிமிடம் எரியட்டும்' ரேடியோவில் வந்தது. காதலியைப் பிரிய மனமில்லாத ஒருவன், நிலை விளக்குக்குப் பக்கத்தில் நின்று பாடுகிறான். தேசத்தின் காதல் பாட்டு என்று பத்திரிகைகள் எழுதின. ஒவ்வொரு நாடகத்தின் முதல் நாளும் அப்பா அம்மாவை எழுந்து நிற்கச் சொல்லிச் சபைக்குக் காட்டுவார். அவளும் எழுந்து நின்று, சிரித்து, உட்காருவாள். முட்டைப் பாட்டு எங்கே போயிற்று என்று டெல்லா கேட்கவே இல்லை.

இப்போது முப்பத்தைந்து வயதில் அவள் பிழைப்பும் அதில்தான். அந்தப் பாட்டு வரும் பழைய நாடகத்தைப் புதிதாக மேடையேற்றிப் பதினோரு மாதமாக ஓட்டுகிறார்கள். அவள் மேடை மேலாளர். திரைக்கு ஓரத்தில் ஓர் உயரமான மேசை. எந்த விளக்கு எப்போது எரிய வேண்டும், எப்போது அணைய வேண்டும் என்று அவள் சொன்னால்தான் நடக்கும். அந்தப் பாட்டின் கடைசிச் சொல்லில் மேடையை இருட்டாக்குவதும் அவள்தான். முந்நூறு தடவைக்கு மேல் இருட்டாக்கியிருக்கிறாள்.

அதனால்தானோ என்னவோ, மூன்று நாள் முன்பு ஆஸ்பத்திரியில் அம்மா அவளிடம் ஒன்று கேட்டாள்.

வின்னி மாடிப்படியில் விழுந்திருந்தாள். பதினான்கு படி. வீட்டில் அப்பாவைத் தவிர வேறு யாரும் இல்லை. "என்னம்மா ஆச்சு?" என்று டெல்லா கேட்டாள். "படி" என்றாள் வின்னி. டாக்டரும் படி என்று எழுதிக்கொண்டார். சாயங்காலம் கொஞ்சம் தெளிந்தபோது, டெல்லாவின் கையைத் தேடிப் பிடித்தாள்.

"நான் செத்தா உங்கப்பா பாடுவாரு."

"அதெல்லாம் இப்ப எதுக்கும்மா?"

"பாடாம இருக்க மாட்டாரு. வேற எது வேணா பாடட்டும். அந்த லைட்டுப் பாட்டு மட்டும் வேணாம். என்னை வச்சு அதப் பாட விடாத."

"விட மாட்டேம்மா."

"சத்தியமா?"

"சத்தியமா."

விடிவதற்குள் போய்விட்டாள்.

மூன்று மணிக்குச் சவ அடக்க நிலையத்தின் கூடத்தில் கூட்டம் நிறைந்துவிட்டது. நாடகக்காரர்கள் எல்லாம் சாயங்கால ஷோவுக்கு ஓட வேண்டியவர்கள். மதியத்திலேயே வந்து அழுதுவிட்டுப் போகிற அவசரம். அப்பா ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். அறுபத்தெட்டு வயது. நிமிர்ந்த முதுகு, வெள்ளை முடி, கையில் கண்ணாடி டம்ளர். யாரும் சொல்லாமலே கூடம் அமைதியாயிற்று.

"முப்பத்தாறு வருஷம்" என்றார். குரல் சரியான இடத்தில் உடைந்தது. "நான் எழுதின எல்லாமே இவ சொன்னதுதான். இவ வாயத் தொறந்தா எனக்குப் பாட்டு."

பொய்யில்லை.

"இன்னிக்கு ஷோ ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நானே மேடையில ஏறப்போறேன். மில்ட் வாசிப்பான். அவளுக்குப் பிடிச்ச அந்தப் பாட்ட, 'இன்னும் ஒரு நிமிடம் எரியட்டும்' பாட்ட, அவளுக்காக நானே பாடப்போறேன்."

நாலைந்து பேர் வாய்விட்டு அழுதார்கள். ஒருவர் கைதட்டப் போய் நிறுத்திக்கொண்டார்.

டெல்லா கூட்டத்தை இடித்துக்கொண்டு போனாள். "அப்பா, ஒரு நிமிஷம் வாங்க."

கோட்டுகளை மாட்டி வைக்கும் அறை. ஜன்னல் கிடையாது. முப்பது நாற்பது ஈரக் கோட்டுகள், கம்பளி நாற்றம், தலைக்கு மேல் ஒரு பல்பு. அவர் டம்ளரோடு வந்தார்.

"அந்தப் பாட்டு வேணாம்பா."

"எந்தப் பாட்டு?"

"தெரியும் உங்களுக்கு. வேற எது வேணா பாடுங்க. பதினோரு நாடகம் இருக்கு. அது வேணாம்னு அம்மா சொல்லிட்டுப் போயிருக்கா."

"உங்கம்மாவுக்கு உசுரு அந்தப் பாட்டு."

"அவளுக்கு அந்தப் பாட்டு எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியும். எனக்கும் தெரியும். கதவுக்குப் பின்னாடி நின்னேன்."

அவர் டம்ளரை மெதுவாக, சிந்தாமல், அலமாரி மேல் வைத்தார். அந்த நிதானம் டெல்லாவுக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். பின்வாங்கினாள். கோட்டுகள் முதுகில் இடித்தன.

"வீட்டு வாடகை யாரு குடுத்தா? உன் பல்லுக்குக் கம்பி கட்டினது எது? அந்த மேசை யார் வாங்கிக் குடுத்த வேலை?"

"நான் இல்லேங்கல. நானும் அதத் தின்னவதான். அதனாலதான் கேக்கறேன். ஒரு பாட்டு, அப்பா. ஒண்ணே ஒண்ணு."

"படிக்கட்டு பத்திக்கூடப் பேசுவ போலிருக்கே."

"பேசவா?"

அவர் திரும்பினார். கை சுவருக்குப் போயிற்று. சுவிட்ச் சத்தம்.

இருட்டில் அவள் மணிக்கட்டு அகப்பட்டது. முறுக்கினார். கோட்டுகள் நான்கைந்து சரிந்து அவள் தலைமேல் விழுந்தன. அவற்றை விலக்குவதற்குள் அறை விழுந்தது, கன்னத்துக்கும் காதுக்கும் நடுவே. இன்னொன்று. பல்லில் உதடு கிழிந்து வாயில் உப்புக் கரித்தது. அவளும் உதைத்தாள். எங்கே பட்டதோ தெரியாது. அவர் மூச்சு மட்டும் ஒரு தடவை திக்கியது. முழங்கையால் அவள் கழுத்தைச் சுவரோடு அழுத்திக்கொண்டு, விஸ்கி மூச்சோடு மெதுவாகச் சொன்னார்.

"எட்டு மணிக்கு மேசையில நிப்ப. சரியா விளக்க அணைப்ப. புரிஞ்சுதா?"

கதவு திறந்தது. வெளியே போன அவர் யாரையோ கட்டிக்கொள்ளும் சத்தமும், "ஐயோ, வந்தியாப்பா" என்ற தழுதழுப்பும் கேட்டன.

டெல்லா தரையில் விழுந்த கோட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மாட்டினாள். அப்படி ஏன் செய்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அம்மாவும் அடி விழுந்த பிறகு முதலில் வீட்டைத்தான் ஒழுங்கு செய்வாள்.

விளக்கைப் போட்டுக்கொண்டு ஆக்னஸ் சித்தி உள்ளே வந்தாள். வின்னியின் தங்கை. டெல்லாவின் முகத்தைப் பார்த்தாள். கைப்பையைத் திறந்து ஒரு சின்னப் பவுடர் டப்பாவை எடுத்தாள்.

"தலையத் தூக்கு."

"சித்தி."

"தூக்குடி. ஆளுங்க வராங்க."

கன்னத்தில் ஒற்றினாள். முதலில் ஓரங்கள், பிறகு நடு, பிறகு விரலால் மெல்லத் தேய்ப்பு. பழகிய கை. எவ்வளவு வருஷப் பழக்கம் என்று டெல்லாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அம்மாவுக்கும் நீங்கதானா?"

ஆக்னஸ் டப்பாவை மூடினாள். "வேற யாரு? எத்தன தடவ சொன்னேன், வந்துடுடி எங்கூடன்னு. மாட்டேன்னா. சரி, கொறஞ்சது வெளிய தெரியாம இருக்கட்டும்னு." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் முகம் கோணியது. "பெட்டிக்குள்ள கெடக்கறாளே, இங்க சவத்துக்கு அலங்காரம் பண்ற ஆளு வச்சிருந்த பவுடர் அவ நிறத்துக்கு ஒத்துவரல. என்னோடதத்தான் குடுத்தேன்."

இரண்டு பேரும் அந்த ஈரக் கோட்டுகளுக்கு நடுவே நின்று அழுதார்கள். டெல்லாவின் அழுகையில் பாதி கோபம். அதில் கொஞ்சம் இந்தச் சித்தி மேலும்தான்.

வெளியே வந்ததும் அவள் மில்ட் காஸ்னரைத் தேடினாள். கிழவர் ஓரமாக ஒரு மடக்கு நாற்காலியில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரும் இல்லாத பியானோவை வாசிப்பதுபோல விரல்கள் தொப்பி விளிம்பில் நகர்ந்தன.

"மில்ட் மாமா, நீங்க வாசிக்காதீங்க. நீங்க வாசிக்கலன்னா அவரால பாட முடியாது."

"கண்ணு, சபை வந்து உக்காந்திருக்கும். டெஸ்ஸுக்கு நான் எப்படி..." அவள் உதட்டைப் பார்த்தார். பவுடர் உதட்டை மறைக்கவில்லை. சட்டென்று தரையைப் பார்த்தார்.

"உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"என்னத்த?"

"வரியெல்லாம் எங்கேருந்து வந்துச்சுன்னு."

பக்கத்தில் யாரோ இரண்டு பேர், மல்வேனி–காஸ்னர் பாட்டுகளில் எது முதலிடம் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நான் மெட்டக் குடுப்பேன்" என்றார் கடைசியில். "அவன் வரியக் கொண்டாருவான். எங்கேருந்துன்னு நான் கேக்கல. கேட்டிருந்தா பாட்டு நின்னிருக்கும்."

"நின்னிருக்கட்டுமே."

கிழவர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்து, மறுபடி மடியில் வைத்துக்கொண்டார். அவரை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள்.

ஆறரைக்கு டெல்லா கிளம்பினாள். "ஆத்தாவ பெட்டியில வச்சுட்டு வேலைக்கா?" என்று ஆக்னஸ் கேட்டாள். "அப்பா போறாரு, சித்தி. அங்க அவர் பாடறப்போ நான் இங்க இருந்து என்ன பண்றது?" பெட்டியருகே போய், அம்மாவின் நல்ல காதுப் பக்கம் குனிந்தாள். சத்தியம் செய்தவள், காப்பாற்ற முடியாதவள். நெற்றியைத் தொட்டுவிட்டு வந்தாள்.

சுரங்க ரயில் ஆற்றுக்கு அடியில் போகும்போது ஜன்னல் கண்ணாடியில் தன் முகம் தெரிந்தது. பவுடர் பூசிய கன்னம், அம்மாவின் கன்னம் மாதிரியே. கைக்குட்டையை எச்சில் தொட்டுத் துடைத்தாள். அழுத்தி அழுத்தித் துடைத்தாள், சிவப்பும் வீக்கமும் முழுதாக வெளியே வரும்வரை. எதிரே உட்கார்ந்திருந்த ஆள் செய்தித்தாளை உயர்த்திக்கொண்டான்.

நாடக அரங்கின் பின்வாசலில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. விளக்குக்காரர் கஸ் மட்டும் சாண்ட்விச்சை வாயிலிருந்து எடுத்தார்.

"யாரு?"

"படி" என்றாள் டெல்லா.

கஸ் அவளை உற்றுப் பார்த்தார். பருத்த, மெதுவான மனிதர். இருபது வருஷமாக மேடை விளக்குகளின் சுவிட்சுப் பலகையில் இருக்கிறார். "கையால அடிக்கற படியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, விளக்குப் பலகைக்குப் போனார்.

அவர்களுக்கு நடுவே இருப்பது ஒரு சின்னச் சிவப்பு பல்பு. டெல்லாவின் மேசையில் ஒன்று, கஸ்ஸின் பலகையில் அதற்கு இணையாக ஒன்று. அவள் சுவிட்சைப் போட்டால் இரண்டும் எரியும். கஸ் நெம்புகோலில் கையை வைத்துக் காத்திருக்க வேண்டும். அவள் அணைத்தால் இழுக்க வேண்டும். சிவப்பு எரிந்துகொண்டிருக்கும்வரை, மேடையில் எவன் தலை உருண்டாலும், கஸ் கையை எடுக்கவும் கூடாது, இழுக்கவும் கூடாது. இந்த வேலையில் அதுதான் முதல் பாடம்.

எட்டு மணி. ஆயிரத்து நூறு பேர். திரை உயர்ந்தது. வெறும் மேடை, நிலை விளக்கு ஒன்று, அதன் பக்கத்தில் கறுப்பு உடையில் அப்பா. சபை எழுந்து நின்றது. அவர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். மேடைக்கு முன்னால், வாத்தியக்காரர்கள் உட்காரும் பள்ளத்தில் மில்ட் பியானோவில் உட்கார்ந்திருந்தார். வழுக்கை மட்டும் தெரிந்தது.

"என் வின்னிக்கு" என்றார் அப்பா.

பாடினார். தேய்ந்துபோன குரல்தான். ஆனால் எந்தச் சொல்லை விட வேண்டும், எந்தச் சொல்லைப் பிடிக்க வேண்டும் என்று தெரிந்த குரல். முதல் வரிசையில் கைக்குட்டைகள் வெளியே வந்தன. டெல்லா காதுக்குள் ரெண்டு முட்டை வாங்கி வா என்று ஓட்டிப் பார்த்தாள். வெண்ணெய் மட்டும் வேணாம். எட்டு வயதில் அவளுக்குக் கிடைத்த நல்ல பாட்டு அது. அம்மா அப்போது அடுப்படியில் நின்று அதற்குத் தாளம் போட்டிருக்கிறாள், கரண்டியால். அதை எவனும் ஒட்டுக்கேட்டு எழுதவில்லை.

ஓடிப்போய்த் திரையை இறக்கிவிடலாம். இறக்கினால் பாவம், துக்கத்தில் புத்தி கலங்கிவிட்டது என்பார்கள். மறுநாளும் பாடுவார்.

கடைசி நான்கு வரிகள். பழக்கம்போல அவள் கை தானாகச் சுவிட்சுக்குப் போயிற்று. சிவப்பு எரிந்தது. பலகையில் கஸ் நெம்புகோலைப் பிடித்ததைக் காதில் மாட்டியிருந்த கருவியில் கேட்டாள்: "தயார்."

கடைசிச் சொல். 'எரியட்டும்.' நீட்டினார், மெலிதாக்கினார், விட்டார். மில்ட் கடைசிச் சுரத்தைத் தொட்டார். அப்பா தலையைத் தாழ்த்தி இருட்டுக்குக் காத்திருந்தார்.

டெல்லா சுவிட்சை அணைக்காமலே கையை எடுத்தாள். மேசையில் கிடந்த நிறுத்துக் கடிகாரத்தை அழுத்தினாள்.

இருட்டு வரவில்லை.

மேடை இருட்டானால்தான் கைதட்டல். சபையை அப்படிப் பழக்கி வைத்திருக்கிறார்கள். விளக்கு எரிந்துகொண்டே இருந்ததால் பாட்டு முடிந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. ஆயிரத்து நூறு பேர் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவின் தாழ்ந்த தலை மெல்ல உயர்ந்தது. புருவத்தில் வியர்வை, முகத்தில் பூசியிருந்த மேடைச் சாயம் கழுத்தருகே கரைந்திருந்தது.

பள்ளத்தைப் பார்த்து விரலை அசைத்தார். வாசி, சமாளி என்று. மில்ட் அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் சுரக்கட்டைகளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"டெல்லா?" கஸ்ஸின் குரல் காதில். "என்னாச்சு? கை வலிக்குது."

அப்பா ஓரத்துக்குத் திரும்பினார். மேசையையும், அவளையும், அவள் கன்னத்தையும், சிவப்பு பல்பையும் பார்த்தார். சிரிப்பை விடாமலே, உதடு அசையாமல், "அணைடி" என்றார்.

அவள் அசையவில்லை.

மூன்று எட்டு வைத்தார். சிரிப்பு போய்விட்டது. நிலை விளக்கின் வெளிச்சம் இப்போது அவர் முதுகில் விழ, மேலிருந்த பெரிய விளக்குகள் முகத்தில் விழுந்தன. "அணைன்னு சொல்றேன்ல." முன்வரிசைக்குக் கேட்டிருக்கும். அவர் கை உயர்ந்துவிட்டிருந்தது. விரித்த கை, தோளுக்கு மேலே, பின்னால் வளைந்து, எத்தனையோ வருஷமாக இருட்டில் மட்டுமே போய்வந்த பாதையில். ஒரு பெண் "ஐயோ" என்றாள்.

கை அங்கேயே நின்றது. அவர் கழுத்து மட்டும் மெதுவாகச் சபைப் பக்கம் திரும்பியது.

"டெல்லா, இழுக்கவா வேணாமா?" என்றார் கஸ்.

டெல்லா ஒலிவாங்கியை வாயருகே இழுத்துக்கொண்டாள். உதடு மறுபடி கிழிந்து ரத்தம் கசிந்தது. வேலைக் குரலில், தெளிவாகச் சொன்னாள்.

"வேணாம் கஸ். இன்னும் ஒரு நிமிஷம் எரியட்டும்."

கடிகாரத்தைப் பார்த்தாள். பதினேழு விநாடிதான் ஆகியிருந்தது.